அழையா விருந்தாளி கெரட்டின்

கேள்வி: செல்களின் புரதங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கும்போதெல்லாம் கெரட்டின் வந்து நிற்கிறது. எப்படித் துரத்துவது?
- ஓர் ஆய்வு மாணவி

பதில்: அந்த விருந்தாளியை அழைத்து வந்தவர் பெரும்பாலும் நீங்கள்தான்! கெரட்டின் நம் தோலிலும் முடியிலும் உள்ள புரதம்; அறைத் தூசியிலும் நிறைய உண்டு. கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தால் ஆடும் கூடவே வந்துவிடும். ஆகவே தலைமுடியை மூடுங்கள், நைட்ரைல் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள், லாமினார் காற்றோட்டப் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள், குழாய்களைத் திறந்து வைக்காதீர்கள்.

அடுத்த எதிரி பாலிஎத்திலீன் கிளைக்கால். சில டிடர்ஜென்ட்களிலும் கிரீம்களிலும் இருக்கும். 44 டால்டன் இடைவெளியில் வரிசையாகச் சிகரங்கள் தெரிந்தால் அதுதான். கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். வீட்டில் சுத்தம் செய்வதே இங்கே அசுத்தம்!

மாதிரி இல்லாத வெற்று ஓட்டத்தை ஒவ்வொரு தொகுதியிலும் சேருங்கள். கணினித் தேடலில் கெரட்டின், புரதங்களை வெட்ட நாமே சேர்க்கும் டிரிப்சின் போன்ற மாசுப் புரதங்களின் பட்டியலையும் கட்டாயம் இணையுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் நிறமாலைகள் வேறு புரதத்தின் பெயரில் உள்ளே நுழைந்துவிடும். தோலையே ஆராய்பவருக்கோ கெரட்டின்தான் கதாநாயகன். அங்கே அதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் ஆய்வே போச்சு.

எல்லா மாசும் பகையல்ல. அறைக் காற்றிலிருந்து வரும் சிலிக்கோன் சேர்மம் நிறை-மின்சுமை விகிதம் (m/z) 445.12 என்ற இடத்தில் தவறாமல் சிகரம் காட்டும். அதையே அளவுகோலாக்கிக் கருவியின் துல்லியத்தைச் சரிசெய்கிறார்கள். எதிரியைத் துரத்த முடியாவிட்டால் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்!