இளையோர் நாவல் ரசிகையின் அகத்திணை: ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் காலத்தில் ‘யங் அடல்ட்’ நாவல்கள் இல்லை. ஆகவே அவற்றைப் படிப்போரின் ஒழுக்கத்துக்கு அவர் தனி இலக்கணம் வகுக்கவில்லை, வகுத்ததே போதுமானது. தலைவி இருக்குமிடத்தில் பதினாறு வயது ரசிகையையும், தலைவன் இருக்குமிடத்தில் வரவேண்டிய அடுத்த பாகத்தையும் வைத்தால் அகத்திணையியல் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். தோழியை மாற்றத் தேவையில்லை. அவளும் அதே தொடரைத்தான் படிக்கிறாள். “பாடப் புத்தகத்தை ஒரு நாளாவது இப்படிப் படிச்சிருக்கியா?” என்பது நற்றாய் கூற்று.

இவ்வொழுக்கத்தின் உரிப்பொருள் புணர்தல், அதாவது படித்தல், என்பது பொதுக்கருத்து. யாம் அதை மறுக்கிறோம். இது முல்லை. எழுநூறு பக்கத்தை ரசிகை ஒன்றரை நாளில் முடித்துவிடுகிறாள். இருத்தலோ ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. எதில் பொழுது மிகுதியாகக் கழிகிறதோ அதுவே உரிப்பொருள் என்க.

சான்று கேட்போர் பஞ்சாங்கத்தைப் புரட்டலாம். முல்லைக்குரிய பெரும்பொழுது கார், ஆவணி, புரட்டாசி. வினைமுடித்த தலைவன் தேரேறித் திரும்பும் பருவம் அது. சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வெளிவந்தது 2008 செப்டம்பர் 14. இரண்டாம் பாகம் 2009 செப்டம்பர் 1. மூன்றாம் பாகம் 2010 ஆகஸ்ட் 24. மூன்றும் ஆவணி. அமெரிக்கப் பதிப்பகத்தார் பொருளதிகாரம் படித்திருக்க மாட்டார்கள் என்போர், வேறு விளக்கம் இருந்தால் தரட்டும்.

ஹாரி பாட்டர் ரசிகையின் நிலை இதனினும் கொடிது. நான்காம் பாகம் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவது 2003 ஜூனில். இடையில் மூன்று கார் வந்து போயின, தேர் வரவில்லை. இந்நிலையில் சங்கத் தோழி, பெய்வது பருவமழையே அன்று, வம்ப மாரி என்று பொய் சொல்லித் தேற்றுவாள். பாட்டர் தோழியரோ ஒரு படி மேலே போய், வராத பாகத்தைத் தாமே எழுதத் தொடங்கினர். அப்படி எழுதியவற்றுள் ஹாரிக்கும் டிராகோ மல்ஃபாய்க்கும் காதல் மலர்ந்தவையும் உண்டு. ஒருவழியாகத் தலைவன் 766 பக்கத்தோடு வந்து சேர்ந்தான். இரண்டே நாள், மீண்டும் இருத்தல்.

ஏழாம் பாகம் சிறுபொழுது ஆய்வுக்கு உரியது. 2007 ஜூலை 21, லண்டனில் நள்ளிரவு 12.01க்கு விற்பனை தொடங்கியது. அது யாமம், குறிஞ்சிப் பொழுது, ஆகவே அங்கே புணர்தல். அதே கணம் சென்னையில் விடிகாலை 4.31. அது வைகறை, மருதப் பொழுது, ஆகவே ஊடல். ஊடற்குக் காரணமும் இருந்தது. சில நாள் முன்பே பக்கங்களின் புகைப்படங்கள் இணையத்தில் கசிந்துவிட்டன. பார்த்தவர்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மேலும் அது ஆடி மாதம். ஆடியில் பிரித்துவைப்பது நம்மவர் வழக்கம். தொடர் அத்தோடு முடிந்தது.

மருதத்தில் இன்னும் ஒன்று. நூலில் ஹாரியின் கண் பச்சை, 2001இல் வந்த திரைப்படத்தில் நீலம். இந்த ஊடல் இன்றுவரை தீரவில்லை. பரத்தையிற் பிரிவில் மட்டும் இலக்கணம் தலைகீழாகிறது, இங்கே பிரிபவள் ரசிகைதான். வாரம் ஒரு புதுத் தொடரைத் தூக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து இதுபோல் படித்ததில்லை என்று சத்தியம் செய்கிறாள். பிறகு முதுகு உடைந்த பழைய மூன்றாம் பாகத்திடமே வந்து நிற்கிறாள். அது வாயில் மறுப்பதில்லை. வழக்கமான பக்கத்தில் தானே திறந்துகொள்கிறது.

நெய்தல் என்பது தொடர் முடிந்த மறுநாள். உரை வேண்டா.

எஞ்சியது பாலை, வேனிலும் பின்பனியும் அதற்குரியவை. காலின்ஸ் தம் தொடருக்கு எழுதிய முன்கதைகள் இரண்டும் 2020 மே 19இலும் 2025 மார்ச் 18இலும் வந்தன. முன்னது வைகாசி, இளவேனில். பின்னது பங்குனி, பின்பனி. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆனால் இங்கேதான் எம் கொள்கைக்கு இடர் வருகிறது. பின்னதன் நாயகன் ஹேமிட்ச் உயிர் பிழைப்பான் என்பது பழைய பாகங்களைப் படித்தவர் எல்லாருக்கும் தெரியும். 2008இல் பதினாறு வயதாயிருந்த ரசிகைக்கு 2025இல் முப்பத்துமூன்று, அவளுக்கும் தெரியும். தெரிந்தும், இவன் பிழைப்பானா என்று நகத்தைக் கடித்தபடி படித்தாள். இதைப் பெருந்திணை என்று ஒதுக்கிவிடலாம். ஆயின் கட்டுரையாளரும் அந்நூலுக்கு முன்பதிவு செய்திருந்தார் ஆதலின், அவ்வாறு கூறத் துணிந்திலர்.