மெஷின் அறையில் மானுடவியல்

மானுடவியலாளருக்கு கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் என்ன வேலை? அங்கே இருப்பது மெஷின்தானே?
– வாசகர், சங்கரன்கோவில்

மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது யாராம்? அவர்களைத்தான் மானுடவியலாளர் டயானா ஃபோர்சைத் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். 1965-ல் ஸ்டான்ஃபோர்டில் கணினித் துறையைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபோர்சைத்தின் மகள்! ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு விளக்கம் சொல்லும் மென்பொருள் ஒன்று அவர் கண்ணெதிரே உருவானது. நோயாளிகள் மனதில் இருந்த கேள்வி: 'இந்த வலியால் செத்துப்போவேனா?' மென்பொருளில் அதற்குப் பதில் இல்லை. செய்தவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

எங்கள் கோயில் புற்றுமண்ணும் ஏ.ஐ. வைத்தியமும் ஒத்துப்போகுமா?
– அதே வாசகர்

தோல் நோய்க்குப் புற்றுமண் பூசியவர் டாக்டர் கேட்டாலே தயங்கித்தான் சொல்வார். கேட்கவே தெரியாத மெஷினிடம்?

ஏ.ஐ. வைத்தியம் இடத்தோடு ஒத்துப்போகாததற்கு ஓர் உதாரணம்: விழித்திரைப் படங்களை ஏ.ஐ. படிக்கும் கூகுளின் 2016 ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. அந்த வழியில் வந்த கருவி தாய்லாந்து கிளினிக்குகளுக்குப் போனது. வெளிச்சம் சரியில்லாத அறைகளில் எடுத்த படங்களை அது ஏற்கவில்லை. நர்சுகள் பட்ட பாட்டை ஆய்வாளர்கள் கூடவே இருந்து பார்த்து எழுதினார்கள். தென்காசி மாவட்டத்துக்கு அப்படியொரு கருவி வருவதற்கு முன், செய்கிறவர்கள் இங்கே ஓ.பி. வரிசையில் ஒரு வாரம் உட்காரட்டும்.