சிவப்பு ஜட்டியின் வாரிசுகள்

சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் வேஷம் கட்டியவர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் தெரியாத்தனமாக எழுதிவிட்டேன். கோபர்கைரனே தபால்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொள்கிறார். வந்தவற்றில் அச்சில் ஏற்றக்கூடியவை இவை.

சூப்பர்மேன் ஏன் ஜட்டியைப் பேண்டுக்கு மேலே போடுகிறார்?
*(ஏழாம் வகுப்பு மாணவர், செம்பூர்)*

1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அவரை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, பலசாலி என்றதும் எல்லார் கண்முன்னும் வந்து நின்றவர் சர்க்கஸ் பயில்வான். உடம்பை ஒட்டிய உடை, அதற்கு மேல் ஒரு குட்டை டிராயர். அதையே வரைந்துவிட்டார்கள். 2013-இல் ஹென்றி கேவில் வந்தபோது ஜட்டியைக் கழற்றினார்கள். கூடவே சிரிப்பும் போய்விட்டது. 2025-இல் டேவிட் கோரன்ஸ்வெட் அதைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டார். வேற்றுக் கிரகத்து ஆள், கண்ணிலிருந்து நெருப்பு வேறு வருகிறது. குழந்தைகள் பயப்படாமல் இருக்க வேண்டாமா என்று அவர் கேட்டதாக இயக்குநர் ஜேம்ஸ் கன் சொல்லியிருக்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. அரிவாளும் மீசையுமாக உட்கார்ந்திருக்கும் ஐயனாருக்குப் பக்கத்தில் குதிரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது வேறு எதற்காம்?

அதே படத்தில் ஏறக்குறைய அரை நிமிட முத்தத்தை நம் தணிக்கைக் குழு வெட்டிவிட்டது. தோட்டா துளைக்காத உடம்புதான், கத்தரிக்கோல் துளைத்துவிட்டது.

வெறும் மூக்குக்கண்ணாடி போட்டால் ஆளை அடையாளம் தெரியாமல் போகுமா?
*(கண்ணாடிக் கடைக்காரர், கோபர்கைரனே)*

கன்னத்தில் ஒட்டிய மருவை நம்பி வளர்ந்த ஜாதி நாம். நாம் கேட்கலாமா இதை? ஆனாலும் உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் பதில் சொல்கிறேன். கண்ணாடி மட்டும் போதாது. கிறிஸ்டோபர் ரீவ் 1978-இல் அதைக் காட்டினார். நாயகியின் வீட்டில் ஒரு காட்சி. அவள் உள்ளே போயிருக்கிறாள். கூனிக் குறுகி நிற்கும் நிருபர் கண்ணாடியைக் கழற்றுகிறார், முதுகை நிமிர்த்துகிறார், தோள் விரிகிறது, குரல் இரண்டு கட்டை இறங்குகிறது. உடை மாறவில்லை, ஒப்பனை மாறவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டார். அவள் திரும்பி வந்ததும் மறுபடி கூன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி அறைக்குள் போய் வந்தவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

அவருக்கு முன்னால் 1948-இல் கர்க் அலின். அவர் தரையில் நிற்கும்வரை மனிதர், எம்பினால் கார்ட்டூன் படம். பறக்கவைக்க அப்போது வேறு வழி கிடைக்கவில்லை. பிறகு 50-களின் டிவியில் ஜார்ஜ் ரீவ்ஸ். ரீவ்ஸ் வேறு, ரீவ் வேறு, உறவும் கிடையாது. 2006-இல் வந்த பிராண்டன் ரவுத், வாத்தியார் கையெழுத்தைப் போட்டுப் பார்த்த மாணவர். நன்றாகப் போட்டார். அதுதான் சிக்கல், ரீவைத்தான் பார்த்தோம்.

நம் நாட்டில் யாரும் சூப்பர்மேனாக நடிக்கவில்லையா?
*(ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மாட்டுங்கா)*

என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! 1980-இல் தெலுங்கில் ‘சூப்பர்மேன்’ என்றே ஒரு படம். நடித்தவர் என்.டி.ராமராவ். அப்போது அவருக்கு 57 வயது. ராமராகவும் கிருஷ்ணராகவும் ஆந்திரா முழுக்கப் பூஜையறைக் காலண்டரில் தொங்கிக்கொண்டிருந்தவர், கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்தேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? எனவே சக்தியை ஆஞ்சநேயரிடம் வாங்கிக் கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அது கிரிப்டானைவிடப் பொருத்தம். அங்கியில்லாமல் கடல் தாண்டியவர், மலையைப் பெயர்த்து எடுத்துவந்தவர், காரியம் முடிந்ததும் கைகட்டி ஓரமாக நின்றவர். சூப்பர்மேனுக்கு இதைவிட நல்ல குருநாதர் எங்கே கிடைப்பார்? இரண்டே வருடத்தில் ராமராவ் கட்சி தொடங்கினார். ஒன்பது மாதத்தில் முதலமைச்சர். ஹாலிவுட் சூப்பர்மேன்களில் ஒருவருக்கும் இந்தப் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

1987-இல் இந்திக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒன்று எடுத்தார்கள். புனீத் இஸ்ஸார் சூப்பர்மேன், தர்மேந்திரா அவருடைய வேற்றுக் கிரகத்து அப்பா. பறக்கிற காட்சிகள் ஹாலிவுட் படத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. தரையில் பஞ்சாபி, வானத்தில் அமெரிக்கர். அடுத்த வருடமே டிவியில் ‘மகாபாரத்’ தொடங்கியது, இஸ்ஸார் துரியோதனன் ஆனார். உலகத்தைக் காப்பாற்றிய கையோடு ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மும்பையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

1988-இல் ‘தரியா தில்’ படப் பாட்டு ஒன்றில் கோவிந்தா சூப்பர்மேன், கிமி காட்கர் ஸ்பைடர் உமன். டிசி கம்பெனிப் பையனுக்கும் மார்வெல் கம்பெனிப் பெண்ணுக்கும் காதல், வானத்தில் டூயட். இரண்டு கம்பெனி வக்கீல்களும் கைபிசைந்திருக்க வேண்டிய அந்தக் கலப்பு மணம் நம் ஊரில் சர்வ சாதாரணமாக நடந்து முடிந்தது.

எம்.ஜி.ஆர். ஏன் இந்த வேஷம் போடவில்லை?
*(அவருடைய ரசிகர், தாராவி)*

எதற்கு? அதற்கு முன்பே, 1963-இலேயே, ‘கலை அரசி’யில் விண்கலம் ஏறி வேற்றுக் கிரகத்துக்கே போய் வந்துவிட்டாரே. அமெரிக்கக் கதையில் அங்கிருந்து ஆள் இங்கே வருவார். நம் கதையில் அவர்கள் நம் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் கிரகத்துக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்க. மாட்டுங்கா சபாக்காரர்கள் கவனிக்கவும்: இன்னும் ஒரு கிரகத்தில் டிக்கெட் விற்கலாம்.

ஸ்பைடர்மேனின் மே ஆண்ட்டி படத்துக்குப் படம் இளமையாகிக்கொண்டே போகிறாரே, என்ன ரகசியம்?
*(இல்லத்தரசி, கோபர்கைரனே)*

2002-இல் டோபி மெக்வயருக்கு ரோஸ்மேரி ஹாரிஸ், எழுபதைத் தாண்டியவர். 2012-இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு சாலி ஃபீல்டு, அறுபதுகளில். 2016-இல் டாம் ஹாலண்டுக்கு மரிசா டோமே, ஐம்பதைத் தொட்டவர். பையனுக்கும் வயது குறைந்துதான் இருக்கிறது: மெக்வயர் பள்ளி மாணவனாக நடித்தபோது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது, ஹாலண்ட் இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறு சிக்கல். ‘ஆண்ட்டி’ என்று சொல்லி ஆங்கிலம் தப்பித்துக்கொள்கிறது, தமிழ் விடாது. மேயின் கணவர் பென், பையனுடைய அப்பாவின் கூடப்பிறந்தவர். காமிக்ஸ்படி மூத்தவர். அப்படியானால் மே பெரியம்மா. ஹாரிஸ் அம்மையாரைத் தாராளமாகப் பெரியம்மா என்று கூப்பிடலாம். டோமேயைக் கூப்பிட்டால் அடி விழும். மூன்றாவது ஸ்பைடர்மேன் வந்ததில் பெரியம்மா சித்தி ஆகிவிட்டார். அமெரிக்கர்கள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்பைடர்மேன் தானே ட்ரெயினில் ஏறினால்?
*(தினசரிப் பயணி)*

2004-இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’-இல் தறிகெட்டு ஓடும் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுவார். பயணிகள் அவரைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள். அழாதவர் இல்லை. காலை எட்டே முக்கால் லோக்கலில் என்னையும் அப்படித்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். படுக்கவைப்பதில்லை. நாலாவது சீட்டுகூடக் கிடைக்காது.

மும்பைக்கென்று ஒரு ஸ்பைடர்மேன் உண்டாமே?
*(கல்லூரி மாணவி, செம்பூர்)*

உண்டு. பீட்டர் பார்க்கர் இங்கே பவித்ர் பிரபாகர். மேரி ஜேன் மீரா ஜெயின், வில்லன் நார்மன் ஆஸ்பார்ன் நளின் ஓபராய். 2004-இல் அறிவிக்கப்பட்ட நாலு புத்தகத் தொடர். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் கூட்டணி. கிராமத்திலிருந்து படிப்பு உதவித்தொகையில் மும்பை வந்த பையன், மாயா பெரியம்மாவும் பீம் பெரியப்பாவும் வளர்க்கிறார்கள். (சித்தியாகவும் இருக்கலாம். மேலே பார்க்க.) சிலந்தி கடிக்கவில்லை, ஒரு யோகி வரம் கொடுக்கிறார். உடைக்குக் கீழ்ப்பாதி வேட்டிபோல் பறக்கும். சுவரேறும்போது மடித்துக் கட்டமாட்டானா என்று என் மனைவி கேட்டார், அவர் மாமனார் வீடு திருநெல்வேலிப் பக்கம்.

நேரில் நடித்தவர் இன்னும் இல்லை. 2023-இல் வந்த அனிமேஷன் படத்தில் ஆங்கிலத்துக்கு கரண் சோனி குரல் கொடுத்தார், இந்திக்கும் பஞ்சாபிக்கும் கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில். நாள் முழுக்க வலைப்பயிற்சியில் இருப்பவர், பொருத்தம்தான். மும்பையையும் மன்ஹாட்டனையும் சேர்த்து அந்த நகரத்துக்கு ‘மும்பாட்டன்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் கேட்டால் தாத்தாவுக்குத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது.

பேட்மேன்களில் யார் மோசம்?
*(கோபர்கைரனே)*

ஜார்ஜ் க்ளூனி. நான் சொல்லவில்லை, அவரே பல மேடைகளில் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மாறாக, 1989 படத்துக்கு மைக்கேல் கீட்டனைப் போட்டபோது, இந்தக் காமெடி நடிகரா என்று ஐம்பதாயிரம் எதிர்ப்புக் கடிதம் போனதாகச் சொல்வார்கள். 2023-இல், எழுபது தாண்டிய அதே கீட்டனை வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்ப அழைத்தார்கள். எங்கள் தபால்காரருக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

‘ஸ்பைடர்’ என்றால் எனக்கு வேறு ஆள்தான் ஞாபகம் வருகிறார். நான் மட்டும்தானா?
*(ஐம்பது வயது, தாராவி 90 அடி சாலை)*

இல்லை, சிவகாசி அச்சில் வளர்ந்த ஒரு தலைமுறையே உங்கள் கட்சி. லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் இங்கிலாந்துப் படைப்பு. கூரான தலை, கூரான காது, ஆரம்பத்தில் திருடர்களுக்கே தலைவர். அவருக்கு முன்னால் 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். லோகேஷ் கனகராஜ் அந்தப் பெயரில் ஒரு படத்தைப் பற்றிப் பல வருடமாகப் பேசிவருகிறார். தயாரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை: பாதிப் படத்துக்கு ஹீரோவின் கால்ஷீட் தேவையே இல்லை.

சக்திமானாக வேறொருவர் நடிக்கலாமா?
*(அப்பாவும் மகனும், கோபர்கைரனே)*

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் சுழன்ற முகேஷ் கன்னாவைக் கேட்டால் முகம் சுளிப்பார். ரன்வீர் சிங் பெயர் அடிபட்டபோது வெளிப்படையாகவே எதிர்த்தார். ‘மகாபாரத்’தில் பீஷ்மராக நடித்தவர், சபதத்தை எளிதில் விடமாட்டார். இந்த விஷயத்தில் பழைய பம்பாய்வாசிகளுக்குத் தெரிந்த வேதாளர், அதாவது ஃபேன்டம்தான் விவரமானவர். லீ ஃபாக் 1936-இல் படைத்தவர். இங்கே 1964 முதல் டைம்ஸ் நிறுவனத்தின் இந்திரஜால் காமிக்ஸில் வந்தார். அப்பா செத்தால் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்வான், நாம் படித்தது இருபத்தோராவது ஆள். காட்டு ஜனங்களோ, நானூறு வருடமாக ஒரே ஆள்தான், சாவே கிடையாது என்று நினைப்பார்கள். திரையில் 1943-இல் டாம் டைலர், 1996-இல் பில்லி ஸேன். யார் நடித்தாலும் கதை இடிக்காது.

எங்கள் சொசைட்டி கணபதி விழாவில் ஃபேன்சி டிரஸ். மகனுக்கு என்ன வேஷம் போடலாம்?
*(பெயர் வேண்டாம், தீன் டாக்கி பக்கம்)*

எங்கள் பில்டிங்கில் ஒரே ஒரு ஸ்பைடர்மேன் உடைதான், நாலு வருடமாகச் சுற்றுகிறது. முதலில் வாங்கியவன் இப்போது மீசை வைத்துவிட்டான். அடுத்தவனுக்காக முழங்காலில் ஒட்டுப் போட்டார்கள், அதற்கடுத்தவனுக்கு இடுப்பில் ஊக்கு. போன வருடம் போட்டவன்தான் இந்த வருடத்துக்காரனை மாடிப்படியில் நிற்கவைத்து முதுகுப் பக்கம் ஜிப்பை இழுத்துவிட்டான். பாதியில் சிக்கிக்கொண்டது. “அது அங்கேதான் நிக்கும். மூச்ச இழுத்துப் பிடி” என்றான்.