ஓட்டிவிட்ட முக்கால் மணி நேரம்

எண்பதுகளில் எங்கள் தெருவில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. இரண்டு தமிழ்ப் படம், விடியற்காலையில் பிள்ளைகளுக்காக ஒரு இங்கிலீஷ் படம். அப்படித்தான் 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தைப் பார்த்தேன். படம் தொடங்கி முக்கால் மணி நேரம் குரங்கு வராது என்று விவரம் தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னதும், “ஓட்டுங்க மாமா, ஓட்டுங்க!” என்று கத்தினோம். டெக்கை இயக்கிய மாமா ஓட்டிவிட்டார். திரையில் மனிதர்கள் கோடு கோடாக ஓடி மறைந்தார்கள்.

காங்கின் ரோமம் சிலிர்த்தபோது என் மயிரும் சிலிர்த்தது. அது ஒன்றரை அடிப் பொம்மை, உலோக எலும்புக்கூட்டின் மேல் முயல்தோல் என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்தது. தந்திரக் காட்சிக் கலைஞர் வில்லிஸ் ஓ’பிரையனும் உதவியாளர்களும் ஒவ்வொரு பிரேமுக்கும் அதைத் துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்திருக்கிறார்கள். விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்திருக்கிறது. நான் கோபம் என்று நம்பியது அந்த விரல்களின் தடம். இது தெரிந்தபின் அந்தப் பொம்மைமேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியிலிருந்து காங் விழுந்தபோது அன்று எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

போன மாதம் அதே படத்தை முதலிலிருந்து, ஓட்டாமல் பார்த்தேன். அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம். பெண்கள் விடுதி வாசலில் வரிசை நிற்கிறது. சினிமாக்காரன் கார்ல் டென்ஹாம் தன் படத்துக்கு ஒரு முகம் தேடி, அந்தப் பசித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறான். பிறகு ஒரு பழக்கடையில் ஆன் டாரோ என்ற பெண்ணைக் காண்கிறான். கடைக்காரனிடம் ஒரு டாலரை நீட்டி அவளை மீட்கிறான். மயங்கிச் சரிந்தவளைத் தாங்கிக்கொண்டே முகத்தை அளவெடுக்கிறான். ஓட்டிவிட்டது இதைத்தான்.

படமெடுக்க அவளை ஏற்றிக்கொண்டு கப்பல் போவது சுமத்ராவுக்கும் மேற்கே, நம் இந்துமாக்கடலுக்குள், காங் வாழும் தீவுக்கு. காட்டில் மாலுமிகள் செத்துக் கிடக்கிறார்கள். தீவுக்காரர்களின் குடியிருப்பு நொறுங்கிக் கிடக்கிறது. வாயுக்குண்டில் காங் மயங்கி விழுந்த கரையிலேயே நின்று, நாமெல்லாம் கோடீஸ்வரர்கள் என்று டென்ஹாம் குதிக்கிறான். அடுத்த காட்சியே பிராட்வேயின் விளக்குப் பலகை. அவ்வளவு பெரிய உயிரை எப்படிக் கடல் கடத்தினார்கள் என்று படம் காட்டவே இல்லை. லாபக் கணக்கில் அந்த வழிப்பயணத்துக்கு இடமில்லை. மேடையில் சங்கிலியோடு நின்ற காங், நிருபர்களின் பிளாஷ் வெளிச்சத்தில் மிரண்டுதான் அறுத்துக்கொண்டு ஓடுகிறது.

அதைக் கடைசியாகச் சுடும் விமானத்தில் இருப்பவர்கள் படத்தின் இயக்குநர்களான மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும்தான். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் பிணத்தருகே நின்று, விமானங்கள் அல்ல, அழகுதான் இதைக் கொன்றது என்று டென்ஹாம் கைகழுவுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பழி அந்தப் பெண்மேல் போகிறது.

படம் முடிந்ததும் பழக்கடைக் காட்சிக்குத் திரும்பிப் போனேன். ஒல்லியான கை ஆப்பிள்களை நோக்கி நீள்கிறது. கடைக்காரன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். அவள் எடுக்கவில்லை.