வசனமில்லாத குடிமக்கள்

ராஜா கதைப் படங்களில் குடிமக்களுக்கு மூன்றே வேலை. "வாழ்க" என்று கத்த வேண்டும், தீவட்டி பிடிக்க வேண்டும், வில்லன் குதிரையில் வந்தால் காய்கறிக் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தக் காய்கறியை விளைவித்தது யார் என்று 'பாகுபலி'யின் மகிழ்மதியில்கூட எவரும் விசாரிக்கவில்லை.

மூணாறு அருகே சித்திரபுரத்தைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் இதே திரைக்கதைதான். 1877இல் பூஞ்ஞாறு ராஜா கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ துரைக்குக் குத்தகைக்கு விட்டார், ஆண்டுக்கு 3,000 ரூபாய். காட்சியில் இரண்டே பேர். அங்கேயே குடியிருந்த முதுவர் பழங்குடியினர் பின்னணியில் நின்றார்கள். பிறகு கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். காட்டை வெட்டியதும் தேயிலை நட்டதும் அந்தத் துணை நடிகர்கள்தான். ராஜா போனார், துரையும் போனார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2015 செப்டம்பரில் தேயிலைக் கம்பெனி போனஸ் 10 சதவீதம்தான் என்றதும், கொழுந்து கிள்ளும் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை. மக்கள் சார்பில் அரண்மனையில் பேசும் விசுவாச மந்திரி வேடத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தார்கள். அந்த வேடத்துக்கே வேலையில்லை என்று பெண்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் 20 சதவீதம் என்று முடிவானது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். அதற்கு மந்திராலோசனை நீண்டது. முடிவில் 301 அருளப்பட்டது.