பழைய ஜீப்பும் 15 டபிள்யூ 40-உம்: புதுச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

புதுச்சேரிக் கரையில் வெளிநாட்டு எண்ணெய் வந்திறங்கத் தொடங்கி ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆகின்றன. அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த ரோமானியச் சாடிகளில் சில ஆலிவ் எண்ணெய் சுமந்து வந்தவை. ஆயினும் "எந்த ஆயில் நல்ல ஆயில்?" என்ற கேள்விக்கு இவ்வூரில் இன்னும் விடை கிட்டவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் வியாபாரம் உண்டு, வழக்கு உண்டு, கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையின் மனநிலை உண்டு. எஞ்சின் ஆயில் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் குறையை நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுப் பொருள்

எடுத்துக்கொண்ட வண்டி, பழைய மகிந்திரா டீசல் ஜீப். அதன் எஞ்சின் எக்ஸ்.டி.பி. 4.90: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சி.சி. பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் 1979-இல் உரிமம் பெற்று இங்கே செய்யப்பட்டது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கால் நூற்றாண்டு கழித்து அவர்களுடைய எஞ்சின் ஜீப்பின் பானெட்டுக்குள் ஒளிந்து திரும்பி வந்தது. வரலாற்றாசிரியர்கள் எவரும் இதைக் கண்டுகொள்ளாதது வியப்பே.

ஜீப் காடுமேடு ஏறப் பிறந்த வண்டி. புதுச்சேரியில் காடு கிடையாது. மேடு என்றால் கோரிமேடு. அந்தச் சிகரத்தை ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும் டவுன் பஸ்களே நாள்தோறும் வென்று வருவதால், ஜீப்பின் நான்கு சக்கர கியர்த்தண்டு பெரும்பாலும் குடை மாட்டப் பயன்படுகிறது.

3. மூலமும் உரைகளும்

வண்டியோடு வந்த கையேடு இன்று யாரிடமும் இல்லை. செயின்ட் லூயி வீதியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவ ஓலைச்சுவடிகளை ஆயிரக்கணக்கில் காத்துவருகிறது. ஜீப் கையேட்டுக்கு அப்படியொரு புகலிடம் வாய்க்கவில்லை. மூலம் அழிந்தால் உரையாசிரியர்கள் பெருகுவார்கள். இத்துறையில் மூன்று மரபுகள் நிலவுகின்றன.

*தடிப்பு மரபு.* பட்டறைகளில் வழங்குவது. "வயசான எஞ்சின் சார், கேப் விட்டுப்போச்சு. 20 டபிள்யூ 50 ஊத்துங்க, புகை அடங்கிடும்." புகை அடங்கலாம், மறுப்பதற்கில்லை. நீலப் புகைக்குக் காரணம் தேய்ந்த ரிங்கோ, போன வால்வு சீலோதான். தடித்த ஆயில் அதைக் குணமாக்காது, மூடி மறைக்கும். மீட்டரில் பிரஷர் ஏறும். பேரிங்குக்குப் போய்ச்சேரும் ஆயில் குறையும்.

*தாயக மரபு.* பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு வரும், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்களிடையே செல்வாக்குள்ளது. எஞ்சின் பிரெஞ்சு, ஆகவே ஆயிலும் பிரெஞ்சாக இருக்கவேண்டும் என்பது வாதம். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள மனிதர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பேரிங்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

*நிற மரபு.* டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தொட்டு, "கறுத்துப்போச்சு" என்று தீர்ப்பளிப்பது. டீசல் எரியும்போது கரி உண்டாகும். அந்தக் கரி எங்கும் படியாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஆயிலிலேயே கலந்திருக்கிறது. எனவே புது ஆயில் சீக்கிரமே கறுப்பது அதன் கடமையுணர்வுக்குச் சான்று. டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிந்தால்தான் கவலைப்படவேண்டும்: ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

4. எண்களின் பொருள்கோள்

டப்பாவில் உள்ள முதல் எண் குளிருக்கானது. 15 டபிள்யூ என்பதற்கான சுழற்றும் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. 20 டபிள்யூவுக்கு மைனஸ் 15. மப்ளர் கட்டிக்கொண்டு கோலம் பார்க்கும் மார்கழி விடியலில்கூடப் புதுச்சேரி பிளஸ் 20-க்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம்.

இரண்டாவது எண், ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது அதன் தடிப்பை அளந்தது. 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக், 50 என்றால் அதற்கு மேல் 21.9 வரை. நம் ஜீப்போ முத்தியால்பேட்டையில் புறப்பட்டு, நேரு வீதியில் ஊர்ந்து, குபேர் அங்காடியில் மீன் வாங்கித் திரும்புகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையிலும் வண்டிக்கு இடமில்லை. ரேடியேட்டர் தண்ணீர் சுட்ட பிறகும் ஆயில் சூடாக நேரமெடுக்கும். அதற்குள் வீடு வந்துவிடுகிறது.

ஆக, ஊரே சண்டையிடும் இரண்டு எண்களில் ஒன்றை இந்த ஜீப் பார்த்ததே இல்லை. மற்றதை எட்டியதே இல்லை. இதுவே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. ஜீப் வாழும் வெப்பநிலைக்கு நெருங்கிய அளவு 40 டிகிரி. அங்கே 15 டபிள்யூ 40 பொதுவாக 110 சென்டிஸ்டோக் அளவிலும், 20 டபிள்யூ 50 அதைவிட ஒன்றரை மடங்கு தடிப்பாகவும் இருக்கும். காலையில் சாவி திருப்பியதும் ஆயில் மேலேறத் திணறும் நொடிகளில்தான் தடிப்பு மரபின் கருணை கிழட்டு எஞ்சினைக் கடிக்கிறது.

இன்னொன்று: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போகும். கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்கு சுட்டால் ஆவியாகும், இல்லையேல் அங்கேயே தங்கி அமிலத்துக்குத் துணைபோகும். ஓடாத ஜீப்பின் ஆயில்தான் முதலில் கெடுகிறது. கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது.

5. முடிவும் பரிந்துரையும்

அ. டீசலுக்கான 15 டபிள்யூ 40 போதும். டப்பாவில் சி.எச். 4 அல்லது சி.ஐ. 4 என்ற தரக்குறி இருக்கட்டும். கம்பெனி உங்கள் விருப்பம்.

ஆ. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றவேண்டும்.

இ. ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம்வரை ஓட்டிச்சென்று உப்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும். ஆயில் அப்போதுதான் ஆயிலாகிறது.

மரக்காணம் தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று மூன்று மரபினரும் ஒரே குரலில் ஆட்சேபிக்கக்கூடும். விலை குறைந்த டீசலைப் புறப்படும் முன் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்வது ஆய்வு நெறிமுறைக்கு உட்பட்டதே.