பனி முந்துமா, கத்தரி முந்துமா?

கேள்வி: பின்வளவில் நான்கு கஞ்சாச் செடி நிற்கிறது. இன்றிரவு 2 டிகிரி என்கிறார்கள். செத்துப்போகுமா? (ஸ்காபரோ)

பதில்: 2 டிகிரியில் சாகாது, வளர்ச்சிதான் நின்றுபோகும். ஆனால் அறிவிப்பில் சொல்லும் 2 டிகிரி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துக் காற்றின் கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரைச் சூடு வானத்துக்கு ஏறிவிடும். இலையின் மேற்பரப்பு காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துவிடும். அதனால் படுக்கப்போகும் முன் ஒருமுறை வானத்தைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் உடனே போர்த்துங்கள்.

கேள்வி: மகன் நைட் ஷிஃப்ட். "செடியைப் போர்த்திவிடுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். எந்தத் துணி, எப்படி? (பிராம்ப்டன்)

பதில்: பழைய படுக்கை விரிப்பு போதும், அம்மா. தோட்டக் கடைகளில் விற்கும் வெள்ளை நெய்யாத் துணி இன்னும் நல்லது. இலேசானது, மொக்கை அழுத்தாது. நான்கு மூலையிலும் கம்பு ஊன்றி, செடியின் மேல் படாமல் துணியைப் போடுங்கள். தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். செடிக்குச் சொந்தச் சூடு கிடையாது, சூடு வருவது மண்ணிலிருந்து. ஆகவே துணி பாவாடைபோலத் தரை வரை விரிந்து, ஓரத்தில் கல் வைத்து அமர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் மட்டும்தான் இருக்கிறதென்றால் அது இலையைத் தொடவே கூடாது. தொட்ட இடமெல்லாம் கருகும்.

பகலிலேயே வேருக்குத் தண்ணீர் விடுங்கள், இலைக்கு வேண்டாம். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். பால் கேன்களில் தண்ணீர் நிரப்பிப் போர்வைக்குள் வைப்பதும் அதே காரணத்துக்குத்தான். இதெல்லாம் சேர்ந்தும் சில டிகிரிதான் காப்பாற்றும். மைனஸ் 5-க்கு எந்தப் போர்வையும் பதில் சொல்லாது. காலையில் வெயில் வந்ததும் மகன் எழும்வரை காத்திருக்காமல் நீங்களே துணியை எடுத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: பனியே இன்னும் விழவில்லை. ஆனால் மொக்குக்குள் பழுப்பாக அழுகுகிறது. குளிரா காரணம்? (மிசிசாகா)

பதில்: ஈரம். இலையுதிர் காலத்தில் இந்தச் செடியைக் குளிர் கொல்வதைவிட ஈரம் கொல்வதே அதிகம் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இது போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழிப்பது இதுவேதான். மழை, பனித்துளி, காற்றோட்டமில்லாத தடித்த மொக்கு மூன்றும் சேர்ந்தால் உள்ளிருந்து தொடங்கும். பச்சை மொக்கின் நடுவில் ஒரேயொரு குட்டி இலை மட்டும் மஞ்சளாகி, இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால் அந்த மொக்கைப் பிரித்துப் பாருங்கள். அழுகலைத் தாண்டி நல்ல பகுதியிலும் சிறிது சேர்த்து வெட்டி, பையில் கட்டி எறியுங்கள். கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். "கொஞ்சம்தானே" என்று காயவைத்துப் புகைக்காதீர்கள், போவது உங்கள் நுரையீரல்.

மழை விட்டதும் கிளையை மெல்ல உதறுங்கள். நெருக்கமான இலைகளைக் கிள்ளுங்கள். இரவுப் போர்வை பகலிலும் கிடந்தால் உள்ளே நீராவி தங்கிவிடும். பனிக்குத் தப்பிய செடியைப் பூஞ்சணத்துக்கு நீங்களே கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: போர்வைக்குள் பல்பு எரியவிடலாமா? (ஏஜாக்ஸ்)

பதில்: வேண்டாம். எல்.இ.டி. போதிய சூடு தராது. சூடு தரும் பழைய பல்பு துணியைப் பற்றவைக்கும். தவிர, இரவு நீள்வதை உணர்ந்துதான் இந்தச் செடி பூக்கிறது. இருட்டைக் கலைத்தால் பூப்பு குழம்பும்.

கேள்வி: குளிரில் இலை ஊதாவாகிவிட்டது. வீரியம் கூடிவிட்டதா? (ஒட்டாவா)

பதில்: நிறம் கூடியிருக்கிறது. அது ஆந்தோசயனின் என்ற நிறமி, போதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: இன்னும் ஒரு வாரம் விட்டால் மொக்கு பருக்கும். நாளை மறுநாள் இரவு மைனஸ் 3 என்கிறார்கள். என்ன செய்ய? (மார்க்கம்)

பதில்: நாளைக்கே வெட்டுங்கள். குளிர்ந்த வாரத்தில் மொக்கு அதிகம் பருக்காது. கிடைக்கப்போவது சொற்பம், போகக்கூடியது முழு விளைச்சல். மைனஸ் 3-ல் இலைத் திசுவில் நீர் உறைந்து, உயிரணுச் சவ்வு சிதைந்து, வெயில் ஏறியதும் இலை கறுத்துத் தொங்கும். ஐயம் இருந்தால் பூதக்கண்ணாடியில் மொக்கின் பிசின் மணிகளைப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் பிஞ்சு. பெரும்பாலானவை பால்போல் வெளுத்திருந்தால் முற்றிவிட்டது. பாதி முற்றியிருந்தால் மேல் மொக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் போர்த்திப் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். ஆளுக்கு நான்கு செடி வைக்கலாமா? (ஸ்காபரோ)

பதில்: கூடாது. 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ள கனடாச் சட்டம் ஆளை எண்ணவில்லை, வீட்டை எண்ணுகிறது. வீட்டுக்கு நான்கு. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே தடை; உச்ச நீதிமன்றமும் 2023-ல் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். குழந்தைகள் ஓடியாடும் வளவென்றால் வேலியும் பூட்டும் போட்ட பிறகுதான் செடியை நட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

கேள்வி: ஊருக்குப் போகும்போது அண்ணாவின் முழங்கால் வலிக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாமா? (மார்க்கம்)

பதில்: ஒரு துளிகூட வேண்டாம். கனடா எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்வதே இங்கே குற்றம். இறங்குமிடத்தில் அதைவிடக் கடுமையான சட்டம் காத்திருக்கும். அண்ணாவை அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அடுத்த வருடமாவது இந்த அல்லாட்டம் இல்லாமல் இருக்க வழி? (ஒட்டாவா)

பதில்: விதை வாங்கும்போதே சீக்கிரம் முற்றும் வகையைக் கேளுங்கள். தானாகப் பூக்கும் வகை பகல் நீளத்தைப் பார்க்காது. ஜூன் தொடக்கத்தில் நட்டால் கோடை முடியுமுன் வெட்டிவிடலாம். பள்ளமான மூலையில் நடாதீர்கள், குளிர்காற்று கனமானது, அங்கேதான் தேங்கும். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் பகல் சூட்டை இரவுக்கும் வைத்திருக்கும். தொட்டியில் வைத்தால் பனி இரவில் கராஜுக்குள் நகர்த்திவிடலாம். அதே கையோடு கறிவேப்பிலைத் தொட்டியையும் தூக்குங்கள். அது கஞ்சாவளவு குளிர் தாங்காது, 10 டிகிரிக்குக் கீழே போகுமுன்பே அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.